நனைந்த பனியன்

என் வீட்டுக்காரர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அந்தப் பதினோரு நாளும் டாக்டர்கள் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, முன்னால் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, காலையில் என்ன சாப்பிட்டார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். முதல் நாள் முதல் ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நின்று, பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவள் நான்.

துஷ்டி கேட்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டாக நடந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். இப்போது முழுசாக எழுதிவிடுகிறேன்.

அவர் பெயர் பெருமாள். கேரள மலையில் குமுளிக்குப் பக்கத்துச் சக்குபள்ளத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் ஏலத்தோட்டம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனுஷர். ஆனால் எல்லைக்கல் தகராறு என்றாலும் சரி, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனாலும் சரி, ஆட்கள் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற ஓடையில் மீனெல்லாம் வயிறு மேலாக மிதந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குத் திண்ணமாக முடிவெடுத்தார், இனி நம் தோட்டத்தில் பூச்சிமருந்து கிடையாது என்று. ஊரே சிரித்தது. ஏலத்துக்கு மருந்தடிக்காமல் காய் பார்ப்பதாவது! நானும் சிரித்தவள்தான். நாலு வருஷம் அரைகுறை விளைச்சலில் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டு, ஐந்தாம் வருஷம் சரம் சரமாகக் காய்க்க வைத்துக் காட்டினார். பிறகு கிருஷி பவன்காரர்கள், அதாவது இங்கத்து விவசாய ஆபீஸ்காரர்கள், வேன் வேனாக ஆட்களைக் கூட்டிவந்து காட்ட ஆரம்பித்தார்கள். அவரைப் பார்த்து ஏழு வீட்டுக்காரர்கள் மருந்தை விட்டார்கள். அதில் ஒருத்தன் அய்யாத்துரை. என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன், இப்போது சொந்தமாக ஜீப் வைத்திருக்கிறான், ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

மருந்துக்குப் பதில் அவர் அடித்தது மீனும் வெல்லமும் ஊறப்போட்ட கரைசல், வேப்பெண்ணெய், இந்த மாதிரி. டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுக் கையாலேயே கலக்குவார். முதுகில் மாட்டுகிற பம்பு பழசு, மூடியோரம் ஒழுகும், பனியன் தொப்பலாக நனையும். நுனியில் அடைத்துக்கொண்டால் அந்த நாசிலைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்.

"கருவாட்டுக் கடையே நடந்து வருது" என்று நான் மூக்கைப் பிடிப்பேன்.

"இதுல என்ன இருக்கு டீச்சரம்மா? மீனும் வெல்லமும்தானே. குழம்பு வச்சாக்கூட ஊத்தித் திங்கலாம்" என்பார்.

பன்னிரண்டு வருஷம் அவர் உடம்பு அப்படியே பழகிவிட்டது. மருந்தடிக்கிறவர்கள் கை உறை மாட்டுவார்கள், முகத்தைக் கட்டுவார்கள், அடித்து முடித்ததும் ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் குளிப்பார்கள். பயம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. எங்கள் வீட்டில் அந்தப் பயமே இல்லாமல் போயிருந்தது.

இந்த வருஷம் கோடை நீண்டுவிட்டது. ஏலச்செடித் தட்டைகள் காய்ந்து சாய்ந்தன. பிறகு மழை வந்தது, கூடவே பூச்சியும் வந்தது. காயெல்லாம் சொறி பிடித்து நின்றது. அவர் கரைசலை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்தவர், கால் கழுவாமல் அடுப்படி வாசலில் நின்றார்.

"தங்கம், ஒரே ஒரு தடவ அடிச்சிருவோமா?"

எனக்குப் புரியவில்லை என்று நடித்தேன்.

"நம்ம தோட்டமே சொறிக்காயா நின்னா, அந்த ஏழு வீட்டுக்காரங்களும் இனி யாரை நம்புவாங்க? நாளைக்கே கம்பத்துல போய் மருந்து வாங்கிருவாங்க. கீழ்ப்பக்கம் மட்டும், ஒரே ஒரு தடவ. யாருக்கும் தெரிய வேணாம்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட, அடிப்பதென்றால் ஆள் வைத்து ஒழுங்காக அடியுங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளித்தேன். அவர் பெயர் கெடக்கூடாது என்ற ஆசை அவரைவிட எனக்குத்தான் அதிகம். 'பெருமாள் வீட்டம்மா' என்று கூப்பிட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும், டீச்சர் என்று கூப்பிட்டால்கூட அவ்வளவு இல்லை.

கம்பத்தில் அவரைத் தெரியாத கடையாகப் பார்த்து வாங்கி வந்தார். ஒரு திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் அதே பழைய பம்பை மாட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினார். கை உறையோ முகமூடியோ கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு போனால் பார்த்தவனுக்குத் தெரிந்துவிடுமே. அன்றைக்குப் பத்து மணிக்குத் தோட்டம் பார்க்க வாளையார்ப் பக்கமிருந்து விவசாயிகள் வருவதாக இருந்தது. அதற்குள் முடித்துக் குளித்துவிடலாம் என்று கணக்கு. ஆனால் அவர்கள் எட்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள், பதினாலு பேர். நான் வாசலில் அவர்களை உட்காரவைத்துக்கொண்டிருக்கும்போது இவர் பின்பக்கமாக ஏறி வந்தார். முதுகு முழுக்க ஈரம். சுவரோரம் பம்பை மறைத்து வைத்துவிட்டு, நனைந்த பனியன் மேலேயே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். 'குளிச்சிட்டு வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. ஏன் இப்போது குளிக்கிறார் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்து விழுங்கிவிட்டேன்.

வந்தவர்களில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங், மெய்யாலுமே ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கறதில்லீங்களா?"

இவர் சிரித்தார். "வாங்க, மொதல்ல டீ குடிப்போம், ஆறிரப்போகுது" என்றார். பொய் சொல்லவில்லை. அந்த மனுஷருக்குப் பொய் வராது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பனியனோடு மேடும் பள்ளமும் ஏறி இறங்கினார். மத்தியானம் எல்லாரும் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். அவர்கள் வேன் கிளம்பின சற்று நேரத்தில் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. "கண்ணு மங்குது தங்கம்" என்றார். அய்யாத்துரையைக் கூப்பிட்டேன். ஜீப்பில் போட்டுக் குமுளிக்குக் கொண்டுபோனோம்.

குமுளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கிருந்த மலையாளி டாக்டர் எங்களுக்குப் பழக்கம், தன் குழந்தைக்குப் பால் காய்ச்ச எங்கள் தோட்டத்து ஏலக்காயைத்தான் வாங்குவார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சரே, தோட்டத்தில மருந்து எதாவது அடிச்சோ?" என்று கேட்டார்.

இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் அய்யாத்துரை, இவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இவரை நம்பித் தன் மருந்துப் பம்பையே விற்றவன். இவர் பார்வைக்கு அர்த்தம் 'சொல்லிராதே' என்றுதான் எனக்குப் பட்டது.

"இல்ல டாக்டர். எங்க தோட்டத்துல மருந்தே கிடையாதே."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஞான் சும்மா கேட்டது. பெருமாளேட்டன் தோட்டமல்லே, எனக்குத் தெரியாதோ" என்றார். சாப்பாட்டில் விஷக்கிருமி என்று முடிவு செய்து குளுக்கோஸ் ஏற்றினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வேறு யார் தோட்டமாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டார். இவர் பன்னிரண்டு வருஷம் சம்பாதித்த பெயர்தான் என் பொய்க்குச் சாட்சி நின்றது. அதே மீன்குழம்பைச் சாப்பிட்ட பதினாலு பேரும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள், போன் பண்ணி நன்றியும் சொன்னார்கள். அதையும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மூச்சு இரைக்க ஆரம்பித்தது, நெஞ்சில் கொளகொளவென்று சளிச் சத்தம். இங்கே முடியாது, தேனிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். அந்த மலைப்பாதையின் வளைவுகளில் நான் எத்தனை தடவை பஸ்ஸில் இறங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. கம்பத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் செல்வி பாதி வழியில் ஏறிக்கொண்டாள். அப்பாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தேனிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். வந்ததும் இவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கியிருந்தது. குனிந்து சட்டையை முகர்ந்தார். என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மறைக்காமச் சொல்லுங்கம்மா. குடிச்சாரா?"

"ஐயோ இல்லம்மா. தோட்டத்துக்கு அடிச்சாரு. நேத்துக் காலையில."

"நேத்துக் காலையிலயா? குளிச்சாரா?"

"இல்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நர்சுகளைக் கூப்பிட்டு, துணி எல்லாவற்றையும் கழற்றி, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். முதுகுத் தோல் சிவந்து கிடந்தது. ஒரு நாள் பூராவும் அந்த முதுகோடுதான் அவரைப் படுக்க வைத்திருந்தேன்.

அந்த டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். நரம்பு தசைக்குச் சொல்கிற கட்டளையை, வேலை முடிந்ததும் நிறுத்துவதற்கு உடம்பில் ஒரு சத்து இருக்குமாம். இந்த மருந்து தோல் வழியாகப் போய் அந்தச் சத்தைக் கெடுத்துவிடும். நிறுத்த ஆளில்லாமல் உடம்பு வேர்த்துக்கொண்டே இருக்கும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதற்கு மாற்று அட்ரோபின் என்ற ஊசி. ஊறுவதையெல்லாம் வற்றவைக்கும். அதை விடாமல் ஏற்றினார்கள். ஏறிய பிறகு மூச்சு சீரானது, ஆனால் ஊசியின் வேகத்தில் புத்தி கொஞ்சம் பிசகியது. போர்வையைக் காய் பறிக்கிற மாதிரிப் பிடித்துப் பிடித்து இழுத்தார். "பிஞ்சப் பறிக்காதீங்கத்தா, விடுங்க" என்று இல்லாத வேலைக்காரிகளை அதட்டினார். செல்வி சிரித்தாள், நானும் சிரித்தேன். இரண்டு நாளாகத் தேறி வருகிறார் என்றுதான் நினைத்தோம்.

நடுவில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மருந்து கேஸ் என்றால் வந்து எழுதியாக வேண்டுமாம். "வீட்டுல சண்டை சச்சரவு எதுவும் உண்டாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி, வராந்தாவில் நின்றுகொண்டு, என்னோடு சண்டை போட்டுக்கொண்டு மருந்து குடிக்கவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் அது ஊர் வரைக்கும் போய்விட்டது. 'பெருமாள் மருந்து குடிச்சிட்டாராம்.' எந்தப் பெயரைக் காப்பாற்ற வாயை மூடினேனோ, அது அதைவிடக் கேவலமாகக் கெட்டது.

நாலாம் நாள் டாக்டர் அவரிடம், "ஐயா, தலையணையிலிருந்து தலையத் தூக்குங்க பார்ப்போம்" என்றார். தூக்க முடியவில்லை. ஏலமூட்டை தூக்கின கழுத்து. விஷம் இறங்கிய பிறகும் சிலருக்குக் கழுத்து, தோள், மூச்சு விடும் தசை எல்லாம் சில நாள் செயலற்றுப் போகுமாம். அதற்கு ஊசி கிடையாது, தானாகத் திரும்பி வரும்வரை மெஷின் வைத்து மூச்சைத் தள்ள வேண்டியதுதான். தொண்டையில் குழாய் போட்டார்கள். அவர் பேச்சு அத்தோடு நின்றது.

வெளியே காத்திருக்கிற கூடத்தில் ஐந்தாறு குடும்பங்கள். மூன்று பிளாஸ்டிக் நாற்காலிக்கு நடுவே பாய் விரித்து ஒருவர் சாமானை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் எல்லார் தலையும் திரும்பும். செல்வி கம்பத்திலிருந்து தினமும் தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவருவாள், நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்து, நான் பிள்ளைகளை முறைத்த மாதிரி என்னை முறைப்பாள். அய்யாத்துரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையிறங்கி வந்தான். கண்ணாடிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான்.

ஆறாம் நாள் செல்வி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு மேஜிக் சிலேட்டு வாங்கி வந்தாள். குழந்தைகள் எழுதி, தாளைத் தூக்கினால் அழிந்துபோகுமே, அது. கழுத்துதான் போயிற்று, விரலுக்குத் தெம்பு இருந்தது. முதலில் 'தண்ணி' என்று எழுதினார். பிறகு 'செல்வி சாப்பிட்டாளா' என்று எழுதினார். கையெழுத்து கோணல்மாணல். "எழுத்து கூடி வரலயே" என்று அவரைச் சீண்டினேன். கண்ணாலேயே சிரித்தார்.

செல்வி வெளியே போனதும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"குமுளியில டாக்டர் கேட்டப்ப ஏங்க என்னைய அப்பிடிப் பாத்தீங்க? சொல்லாதேன்னுதானே?"

அவர் சிலேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக.

'நீ சொல்லுவன்னு நெனச்சேன்.'

செல்வி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் தாளைத் தூக்கி அழித்துவிட்டேன்.

அவர் தன் பெயரை விட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். தன் வாயால் சொல்ல அய்யாத்துரை முன்னால் வெட்கம், அதனால் என்னை நம்பினார். பொய்யே சொல்லமாட்டாள், டீச்சராயிற்றே என்று.

அதன் பிறகு காய்ச்சல் வந்தது. குழாய் வழியாக நுரையீரலில் கிருமி, நிமோனியா என்றார்கள். பதினோராம் நாள் மத்தியானம் போய்விட்டார். "மொத நாளே சொல்லியிருந்தாப் பிழைச்சிருப்பாரா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். நல்ல பெண். அவர் என் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு ஞாயிறு, வாசகசாலை ஹாலில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். படத்துக்குக் கீழே 'விஷமில்லா விவசாயி' என்று எழுதி மாலை போட்டிருந்தது. முன்வரிசையில் ஏழு வீட்டுக்காரர்களும். பேசியவர்கள் எல்லாரும் அவர் கொள்கையைப் புகழ்ந்தார்கள். பின்வரிசையில் 'குடிச்சிட்டாராமே' என்ற குசுகுசுப்பும் எனக்குக் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் தற்கொலை செய்துகொண்டவர். திறந்தால் ஊரை ஏமாற்றியவர். கடைசியில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மைக்கைப் பிடித்தேன்.

"அவரு மருந்து குடிக்கல. அடிச்சாரு. ஒரே ஒரு தடவ, இந்த வருசம்தான். மீன் கரைசல அடிக்கிற மாதிரியே கையால கலக்கி, வாயால ஊதி, குளிக்காம இருந்துட்டாரு. டாக்டர் கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

யாராவது எழுந்து போவார்கள், யாராவது படத்திலிருந்து அந்த எழுத்தைக் கிழிப்பார்கள் என்று நின்றேன். அய்யாத்துரை எழுந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவனுக்குத் திட்ட உரிமை உண்டு.

"டீச்சர்," என்றான். நாலாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து நிற்பானே, அதே முகம். "நானும் அடிச்சேன் டீச்சர். போன மாசம் ஒரு தடவ, நேத்தும் ஒரு தடவ. பெருமாளண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போவாருன்னு யாருக்கும் சொல்லல. வீட்டுலகூடத் தெரியாது." அவனுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த இன்னொருத்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலையில் வாசலில் நான் விழுங்கிய வார்த்தைதான் மைக்கில் வந்தது, ஹாலே கேட்கும்படி.

"அடிச்சதும் குளிச்சியாடா?"